எல்லை பார்ப்பது யார் பொறுப்பு? கெர்னல் நினைவகப் பிழைகளின் வரலாறு

1972 அக்டோபரில் ஜேம்ஸ் பி. ஆண்டர்சன் அமெரிக்க விமானப்படைக்கு ஒரு கணினிப் பாதுகாப்பு அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்தார். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருடைய ரகசியத்தை இன்னொருவர் எட்டாமல் காப்பது எப்படி என்பதே அதன் மையக் கேள்வி. அதில் ஒரு தாக்குதல் முறை சில வரிகளில் விவரிக்கப்பட்டிருக்கிறது. பயனர் கேட்டபடி தரவை நகலெடுத்துக் கொடுக்கும் இயங்குதள நிரல், அவர் குறிப்பிட்ட முகவரிகள் சரியானவைதானா என்று ஒழுங்காகப் பார்ப்பதில்லை. அதனால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மீதே அவர் தம் நிரலை எழுதி, இயந்திரம் முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்துவிட முடியும்.

அரை நூற்றாண்டு கழித்தும் கெர்னல் பாதுகாப்பு அறிவிப்புகளில் பெரும்பகுதி இதே குறையின் வடிவங்கள்தாம். ஆகவே இந்த ஆபத்து தெரியாமல் வந்து சேர்ந்தது என்று சொல்ல வரலாறு இடம்தரவில்லை. நினைவகத்தின் எல்லையைச் சரிபார்க்கும் பொறுப்பு தொடக்கத்தில் சில இயந்திரங்களிடமும் மொழிகளிடமும் இருந்தது. அது அங்கிருந்து எடுக்கப்பட்டு நிரலாளரின் கவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது; பின்பு பெரும் விலை கொடுத்துச் சிறிதுசிறிதாக மீட்கப்பட்டு வருகிறது. அந்தக் கைமாற்றத்தைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சரிபார்த்த இயந்திரங்கள்

1961-இல் அறிவிக்கப்பட்ட பரோஸ் பி5000 கணினியில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு விவரக்குறிப்பு உண்டு. அணி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற இரண்டும் அதில் இருக்கும். எல்லை தாண்டிய உறுப்பைக் கேட்டால் வன்பொருளே மறுத்துவிடும். அதன் இயங்குதளமும் அல்கால் மொழியின் ஒரு வகையில்தான் எழுதப்பட்டது. கெர்னலை எழுத உயர்நிலை மொழி உதவாது என்ற எண்ணம் பின்னாளிலும் நெடுங்காலம் நீடித்ததை நினைத்தால், இது எவ்வளவு முந்திய சாதனை என்பது புரியும்.

மல்டிக்ஸ் இயங்குதளம் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. அது எழுதப்பட்ட பிஎல்/1 மொழியில் எழுத்துச்சரங்கள் தம் நீளத்தைத் தம்முடனேயே வைத்திருந்தன. அதன் ஸ்டாக் மேல்நோக்கி வளர்ந்ததால், ஒரு பஃபர், அதாவது தரவுக்கு ஒதுக்கிய இடம், நிரம்பி வழிந்தாலும் திரும்பும் முகவரி எளிதில் அழியாது. 1970-களில் மல்டிக்ஸின் பாதுகாப்பைச் சோதித்த பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் 2002-இல் அதைத் திரும்பிப் பார்த்தபோது, பஃபர் நிரம்பி வழியும் தொல்லை அங்கே ஏன் அரிதாக இருந்தது என்பதற்கு இத்தகைய காரணங்களையே காட்டினர்.

டோனி ஹோர் 1980-இல் ஆற்றிய டூரிங் விருது உரையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. எலியட் கணினிக்கு அவர் குழு செய்த அல்கால் 60 கம்பைலர், அணியின் ஒவ்வொரு குறியெண்ணையும் நிரல் ஓடும்போதே சரிபார்த்தது. வேகத்துக்காக அதை நிறுத்திவைக்கும் வசதி வேண்டுமா என்று பின்னர் கேட்டபோது, வாடிக்கையாளர்கள் ஒருமனதாக வேண்டாம் என்றார்கள். அந்தப் பாடத்தை 1980-இன் மொழி வடிவமைப்பாளர்களும் பயனர்களும் கற்கவில்லை என்று ஹோர் வருந்தினார்.

கவனத்தின் மேல் கட்டிய கெர்னல்

1973-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் கெர்னலை சி மொழியில் திரும்ப எழுதினர். அவர்களுடைய பிடிபி-11 கணினி தொடக்கத்தில் 24 கிலோபைட் நினைவகத்தோடுதான் வந்தது. ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவிட வேண்டிய அந்தச் சூழலில், சி மொழியில் அணியின் பெயர் ஒரு பாயின்டராகச் சுருங்கியதில் வியப்பில்லை. தொடக்க முகவரி மட்டும் கைமாறும். நீளத்தை நிரலாளர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்கு, அந்தக் காலத்துக்கு, அது பொருத்தமான முடிவு. ஆனால் யூனிக்ஸ் வெற்றிபெற்றது. அந்த முடிவு பெரிய இயந்திரங்களுக்கும், முன்பின் தெரியாதவர்களை இணைக்கும் வலைப்பின்னல்களுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது.

அதன் விளைவை உலகம் முதலில் கண்டது கெர்னலுக்கு வெளியேதான்: 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு, ஃபிங்கர் சேவையின் பஃபரை நிரப்பி வழியவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் இத்தகைய தாக்குதலுக்குப் பாடம்போல வழிகாட்டிகள் வெளிவந்தன. எதிர்த்தரப்பில் ஸ்டாக்கைக் காக்கும் காவல் மதிப்புகள், தரவுப் பகுதியில் நிரல் ஓடாத ஏற்பாடு, முகவரிகளைக் குலுக்கிவைக்கும் முறை என்று தடுப்புகள் அடுக்கப்பட்டன. இவை தாக்குவோரின் செலவை உயர்த்தின. பிழையை அப்படியே விட்டுவைத்தன. பயனர் நிரல்கள் இறுகியபின் தாக்குவோர் பார்வை கெர்னல் பக்கம் திரும்பியது. கெர்னலில் ஒரு பிழை கிடைத்தால் மேலே உள்ள காவல் எல்லாமே அவர்கள் வசம் வந்துவிடும்.

2009-இல் லினக்ஸில் நடந்த ஒன்றைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். மெய்நிகர் வலைப்பின்னலுக்குப் பயன்படும் ‘டன்’ டிரைவரில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. ஒரு செயற்கூற்றின் தொடக்கத்தில் டன் பாயின்டர் வழியாக ஒரு மதிப்பு படிக்கப்பட்டது. அதற்கு அடுத்துத்தான் அந்தப் பாயின்டர் வெறுமையா, அதாவது பூஜ்ய முகவரியைச் சுட்டுகிறதா என்ற சோதனை. மூல நிரலைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை அங்கே இருக்கிறது. கம்பைலர் வேறுவிதமாகக் கணக்கிட்டது: வெறுமையான பாயின்டர் வழியாகப் படிப்பதற்குச் சி மொழியில் பொருளே இல்லை; மேலே படித்தாகிவிட்டது; எனவே இது வெறுமையாக இருக்க வழியில்லை; ஆகவே சோதனை தேவையில்லை. அது சோதனையை நீக்கிவிட்டது. பூஜ்ய முகவரியில் தம் தரவை வைக்க முடிந்த பயனர், கெர்னலையே அந்தத் தரவைப் படிக்கவைக்கலாம். பிராட் ஸ்பெங்ளர் 2009 ஜூலையில் இதைச் செய்து காட்டினார். அதன்பின் இத்தகைய சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்குச் சொல்லும் கட்டளை லினக்ஸ் கட்டமைப்பில் நிரந்தரமாகச் சேர்ந்தது.

இந்த நிகழ்வை நான் ஒரு திருப்புமுனையாகவே கருதுகிறேன். கவனமாக எழுதினால் போதும் என்ற வாதம் அதுவரை நின்றது, எழுதியது எழுதியபடி ஓடும் என்ற நம்பிக்கையின் மேல். இங்கே நிரலாளர் சோதனையை எழுதியிருந்தார். ஆனால் இயந்திரத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

கண்டுபிடித்த பிழையும் கைப்பேசியில் தங்கிய பிழையும்

2015-இல் இரண்டு கருவிகள் கெர்னல் சோதனையின் முகத்தை மாற்றின. நினைவகத்தைத் தவறாகத் தொடும் கணத்திலேயே பிடித்துக்காட்டும் கேசன் லினக்ஸ் 4.0-இல் சேர்ந்தது. டிமித்ரி வியுகோவ் கூகுளில் உருவாக்கிய சிஸ்காலர், கெர்னல் அழைப்புகளை ஓயாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பிழையைத் தேடியது. இவை தோண்டியெடுத்த பிழைகளின் பெருக்கம் ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது: கண்டுபிடிப்பது மட்டும் போதவில்லை.

ஆண்ட்ராய்டில் செயலிகள் ஒன்றோடொன்று பேசும் பாதை பைண்டர் டிரைவர். ஒரு நிரல் பைண்டரைத் திறந்து, அதில் நிகழ்வு ஏதேனும் வந்தால் தெரிவிக்கும்படி இ-போல் வசதியில் பதிவுசெய்கிறது. பிறகு தன் பைண்டர் இழை முடிந்ததாக அறிவிக்கிறது. கெர்னல் அந்த இழைக்கான நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. ஆனால் காத்திருப்பு வரிசை அந்த நினைவகத்துக்குள்தான் இருந்தது. இ-போல் இன்னும் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடையில் அதே இடத்தில் தாக்குபவர் தமக்கு வேண்டிய தரவு அமையும்படி செய்துவிட்டால், இ-போல் தன் பதிவை நீக்கும்போது அங்கேதான் எழுதும். அங்கிருந்து கெர்னல் நினைவகம் முழுவதையும் படிக்க, மாற்ற வழி பிறக்கிறது.

2017 நவம்பரில் சிஸ்காலர் இதைக் கண்டது. 2018 பிப்ரவரியில் லினக்ஸில் திருத்தம் சேர்ந்தது. சாதாரணப் பிழைத்திருத்தமாகப் போனதால் அதற்குப் பாதுகாப்பு ஓட்டை என்ற அடையாள எண் கிடைக்கவில்லை. புழக்கத்தில் இருந்த பல கைப்பேசிகளுக்கு அந்தத் திருத்தம் போகவும் இல்லை. 2019-இல் கூகுள் பிராஜெக்ட் ஸீரோவின் மேடி ஸ்டோன், இந்த ஓட்டை உண்மையான தாக்குதலில் பயன்படுகிறது என்பதற்கான சான்றோடு அதை வெளிக்கொணர்ந்தபின்தான் சிவிஇ-2019-2215 என்ற எண் வந்தது. திருத்தம் எழுதப்பட்டு ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. அந்த இடைவெளியில் யாருடைய கைப்பேசி யாரிடம் சிக்கியது என்ற கேள்வியைத் தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

அதே 2019-இல் மைக்ரோசாஃப்டின் மேட் மில்லர், அந்நிறுவனம் ஆண்டுதோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு மூலம் சரிசெய்யும் ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகள் என்று காட்டினார். பத்தாண்டுக்கு மேலாக அந்த விகிதம் அசையவில்லை. தடுப்புகள் அத்தனைக்கும் பிறகு கிடைத்த எண் அது.

பொறுப்பு மொழிக்குத் திரும்புதல்

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. சிட்னியில் நிக்டா ஆய்வாளர்கள் 2009-இல் எஸ்இஎல்4 என்னும் நுண்கெர்னல் தன் வரையறைப்படியே நடக்கும் என்று கணித முறையில் நிறுவினர். சுமார் 8,700 வரி சி நிரலுக்கு 2,00,000 வரி அளவில் நிறுவல் தேவைப்பட்டது. மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்ட லினக்ஸுக்கு அந்த வழி எட்டாதது. கேம்பிரிட்ஜின் செரி ஆய்வு, பாயின்டரோடு எல்லையையும் வன்பொருளில் சேர்த்துவைக்கும் பி5000-இன் கருத்தைப் புது வடிவில் கொண்டுவந்தது. ஆனால் அதற்குப் புது வகைச் செயலாக்கச் சில்லுகள் பரவ வேண்டும்.

இருக்கும் இயந்திரங்களிலேயே ஓடக்கூடியதாக வந்தது ரஸ்ட் மொழி. ஒரு நினைவகத் துண்டுக்கு ஒரே உரிமையாளர். கடனாகப் பெற்ற சுட்டு உரிமையாளரைவிட நீண்டு வாழ முடியாது. மீறினால் நிரல் கம்பைல் ஆகாது. அணிகளுக்கு நீளம் கூடவே வருகிறது. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1 ரஸ்டுக்கான முதல் ஆதரவோடு வந்தது. மிகேல் ஒஜேடா இம்முயற்சியை முன்னின்று நடத்தினார். மறுநாளே எதுவும் மாறவில்லை. பராமரிப்பாளர்களிடையே கசப்பான தகராறுகள் எழுந்தன. இரண்டு மொழிகளைப் பேணும் சுமையை யார் ஏற்பது என்பது நியாயமான கேள்விதான். 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கெர்னல் பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனிச் சோதனை முயற்சி அல்ல என்று முடிவெடுத்தனர்.

பழைய சி நிரல் முழுவதையும் மாற்றியெழுதாமல் இதனால் என்ன பயன் என்ற ஐயத்துக்கு ஆண்ட்ராய்டின் அனுபவம் விடை தருகிறது. அங்கே 2019-இல் ஓட்டைகளில் 76 விழுக்காடு நினைவகப் பிழைகள். 2024-இல் 24 விழுக்காடு. இந்தக் கணக்கு ஆண்ட்ராய்டு முழுமைக்குமானது, கெர்னலுக்கு மட்டும் உரியதல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அதன் அடியில் உள்ள காரணம் கெர்னலுக்கும் பொருந்தும் என்று கருதுகிறேன். ஓட்டைகள் புதிய நிரலிலேயே செறிந்திருக்கின்றன. ஐந்தாண்டு பழைய நிரலில் அவற்றின் அடர்த்தி 3.4 முதல் 7.4 மடங்கு வரை குறைவு என்று கூகுள் ஆய்வு காட்டியது. அப்படியானால் இனி எழுதுவதைப் பாதுகாப்பான மொழியில் எழுதுவதே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும்.

லினக்ஸ் 6.18-இல் பைண்டரின் ரஸ்ட் வடிவமும் சேர்ந்தது. 2025 டிசம்பரில் கெர்னலின் ரஸ்ட் நிரலுக்கான முதல் சிவிஇ எண்ணைப் பெற்றதும் அதுவே. ஓர் இழை, பூட்டைப் பிடித்தபடி ஒரு பட்டியலின் உறுப்புகளைத் தற்காலிகப் பட்டியலுக்கு மாற்றிவிட்டுப் பூட்டை விடுகிறது. அந்த நேரத்தில் இன்னோர் இழை அதே உறுப்பை முதற்பட்டியலில் இருப்பதாக எண்ணி நீக்க முனைகிறது. பட்டியலின் முன்பின் சுட்டுகள் சிதைந்து கெர்னல் நிலைகுலைகிறது. இது நடந்தது ‘அன்சேஃப்’ என்று குறிக்கப்பட்ட தொகுதியில், அதாவது கம்பைலர் சரிபார்க்காமல் நிரலாளரின் உறுதியை ஏற்றுக்கொள்ளும் இடத்தில். அந்த வரிக்கு மேலே, உறுப்பு தன் உரிமையாளரின் பட்டியலைத் தவிர வேறெதிலும் சேராது என்ற உறுதிமொழி குறிப்பாக எழுதப்பட்டிருந்தது. தற்காலிகப் பட்டியல் அந்த உறுதிமொழியைப் பொய்யாக்கியது. பிழையைத் தேடியவர்கள் பார்க்க வேண்டிய இடத்தை அந்தக் குறிப்பே காட்டியது. திருத்தமும் சிறியதுதான்: தற்காலிகப் பட்டியலைக் கைவிட்டு, உறுப்புகளை முதற்பட்டியலிலிருந்தே ஒவ்வொன்றாக எடுக்கும்படி செயற்கூறு மாற்றியெழுதப்பட்டது.