உருளைக்கிழங்குக் காரச் சீவல்

உருளைக்கிழங்குக் காரச் சீவல் என்பது உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவி, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, சூடு ஆறும் முன் உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் முதலியவற்றைத் தூவிச் செய்யப்படும் ஒரு நொறுக்குத்தீனி ஆகும். தமிழகத்தில் பேச்சு வழக்கில் இது சிப்ஸ் என்றே அழைக்கப்படுகிறது. தனியாகக் கொறிப்பதற்கும், தயிர்சோறு, சாம்பார்சோறு, புளியோதரை ஆகியவற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் பயன்படுகிறது. இதனை உருளைக்கிழங்கு வறுவல் என்று எழுதுவோரும் உண்டு. எனினும் வீடுகளில் வறுவல் என்றால் துண்டுகளாக நறுக்கி மசாலாவுடன் வாணலியில் வதக்கிய கறியையே பெரும்பாலும் குறிக்கும். பிரித்தானியாவில் சிப்ஸ் என்பது விரல் பருமனில் வெட்டிப் பொரித்த துண்டுகள் ஆகும். மெல்லிய சீவலுக்கு அங்கு கிரிஸ்ப்ஸ் என்று பெயர்.

வீட்டில் செய்யும் சீவல் கடைச் சீவல் போல் பொன்னிறமாக வராமல் கருத்துக் கசந்துபோவது பலரும் கூறும் குறையாகும். எண்ணெயையோ அடுப்பையோ பழிப்பது வழக்கம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் காரணம் கிழங்கிலேயே, இன்னும் சரியாகச் சொன்னால் அக்கிழங்கு முன்பு எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதில் உள்ளது.

வரலாறு

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும், பின்னர் போர்த்துக்கீசர் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்ததே. அதற்கு முன் தமிழர் சமையலில் காரம் என்றால் அது பெரும்பாலும் மிளகுதான். ஆகவே காரச் சீவலின் இரு முதன்மைப் பொருட்களும் இங்கு வந்தேறியவை.

1853இல் ஐக்கிய அமெரிக்காவின் சரடோகா இசுப்பிரிங்சு நகரில் சார்ச்சு கிரம் என்ற சமையற்காரர், கிழங்கு தடிமனாக உள்ளது என்று குறை சொன்ன வாடிக்கையாளரைச் சீண்டுவதற்காக மெல்லியதாகச் சீவிப் பொரித்தார் என்றும், அதுவே சீவலின் தோற்றம் என்றும் ஒரு கதை பரவலாக வழங்குகிறது. ஆனால் 1817இல் முதலில் வெளியான ஆங்கிலேயர் வில்லியம் கிட்சினரின் சமையல் நூலிலேயே இதையொத்த செய்முறை அறியப்படுகிறது. எனவே கதை சுவையானது என்பதற்கு மேல் அதற்கு மதிப்பளிக்க இயலாது.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

பொரிக்கும்போது சீவல் நிறம் மாறுவது மெயிலார்டு வினையால் ஆகும். 1912இல் இதனை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயிலார்டின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. குளுக்கோசு, புருக்டோசு ஆகிய ஒடுக்கும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. தோசை முறுகுவதும் காப்பிக்கொட்டை வறுபடுவதும் இவ்வினையால்தான். கிழங்கில் சர்க்கரை குறைவாக இருந்தால், சீவலின் நீர் முழுவதும் வெளியேறும் நேரத்தில் அது பொன்னிறத்தை எட்டியிருக்கும். சர்க்கரை மிகுந்திருந்தால் நீர் வெளியேறும் முன்பே கருகிவிடும். அடுப்பைத் தணித்தால் கருகாது, ஆனால் மொறுமொறுப்பும் வராது. இந்த இக்கட்டிலிருந்து சமையல் திறமையால் மட்டும் தப்ப முடியாது.

உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுப்பொருளில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. வட இந்தியாவில் பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அறுவடையாகும் கிழங்கு 2 முதல் 4 பாகை செல்சியசு வெப்பநிலையில் குளிர்பதனக் கிடங்குகளில் மாதக்கணக்கில் வைக்கப்படுகிறது. அக்கிழங்கு குழம்புக்கும் பொரியலுக்கும் நல்லது. லேசான இனிப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. சீவலுக்கு அது பொருந்தாது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இதே விளைவுதான். இனித்துப்போன கிழங்கை அறை வெப்பத்தில், வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி மீண்டும் மாவுப்பொருளாகும். முழுமையாகச் சரியாவதில்லை.

இக்காரணத்தால் சீவல் தொழிலுக்கென்று தனி இரகங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. சிம்லாவில் உள்ள நடுவண் உருளைக்கிழங்கு ஆய்வு நிறுவனம் 1998இல் குஃப்ரி சிப்சோனா-1, குஃப்ரி சிப்சோனா-2 ஆகியவற்றை வெளியிட்டது. இவற்றில் சர்க்கரை குறைவு, திண்மப்பொருள் மிகுதி. சில்லறைக் கடைகளில் இரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவது எளிதன்று. ஆதலால் வீட்டில் கீழ்க்காணும் சோதனைகளே கைகொடுக்கும்.

880 மில்லிலீட்டர் நீரில் 120 கிராம் உப்பைக் கரைத்தால் அக்கரைசலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.086 ஆக இருக்கும். அதில் மூழ்கும் கிழங்கு மாவு மிகுந்தது, சீவலுக்கு ஏற்றது. மிதப்பது நீர் மிகுந்தது. அதை வேகவைத்து உண்ணலாம். இச்சோதனை சர்க்கரையைக் காட்டாது. அதற்கு மூன்று வில்லைகளை மட்டும் முதலில் பொரித்துப் பார்ப்பதே போதுமானது. தோல் பச்சையாக மாறிய கிழங்கில் சோலனின் போன்ற நச்சுப்பொருட்கள் மிகுந்திருக்கும். பொரிக்கும் வெப்பத்திலும் அவை பெரும்பாலும் அழிவதில்லை என்பதால் அத்தகைய கிழங்கைத் தவிர்க்க வேண்டும்.

செய்முறை

அரைக் கிலோ கிழங்கிலிருந்து ஏறத்தாழ 125 கிராம் சீவலே கிடைக்கும். கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதே காரணம். தோல் நீக்கிய கிழங்கைச் சீவும் கட்டையில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். தடிமன் எவ்வளவு என்பதைவிட எல்லா வில்லைகளும் ஒரே தடிமனில் இருப்பது முக்கியம். இல்லையெனில் ஒன்று கருகும்போது மற்றொன்று வதங்கியிருக்கும்.

வில்லைகளை நீர் தெளியும் வரை அலச வேண்டும். வெட்டுப்பட்ட பரப்பிலுள்ள மாவும் சர்க்கரையும் இதனால் நீங்கி, வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறைகிறது. சோதனை வில்லைகள் கருத்திருந்தால், மற்றவற்றைக் கொதிக்காத சுடுநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுக்கலாம். சர்க்கரையில் மேலும் ஒரு பகுதி நீரோடு போய்விடும். பின்னர் பருத்தித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிவடைவதால், ஈர வில்லைகளை ஒருசேர எண்ணெயில் கொட்டினால் எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பற்றக்கூடும். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் வாணலியை மூட வேண்டும்.

வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். வெப்பநிலை 170 முதல் 180 பாகை செல்சியசு வரை இருக்கலாம். வெப்பமானி இல்லாதோர் ஒரு வில்லையைப் போட்டுப் பார்க்கலாம். அது சில நொடிகளில் நுரைத்து மேலெழுந்தால் எண்ணெய் ஆயத்தமாக உள்ளது. ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி மட்டுமே போட வேண்டும். மிகுதியாகப் போட்டால் எண்ணெயின் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடு என்பது வீட்டுப் பெரியவர்கள் கூறும் அளவு. அது வேதியியற்படியும் சரியே. அவ்வொலி நீராவி வெளியேறும் ஒலி. அது அடங்கினால் நீர் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

சீவல் குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி பொரியும்போது உட்செல்வதில்லை. வெளியே எடுத்தபின், உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து அழுத்தம் குறைவதால், மேற்பரப்பில் ஒட்டியுள்ள எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகிறது. எனவே எடுத்த உடனே சல்லிக் கரண்டியை வாணலியின் மேலேயே நன்றாக உதறுவது, பிறகு தாளில் ஒற்றி எடுப்பதைவிடப் பயனுள்ளது.

காரம் சேர்த்தல்

மிளகாய்த்தூளைப் பொரிப்பதற்கு முன் வில்லைகளில் பூசினால் அது எண்ணெயில் கருகி, எண்ணெயையும் கெடுக்கும். எண்ணெயிலிருந்து எடுத்த அரை நிமிடத்துக்குள், மேற்பரப்பு பளபளப்பாக இருக்கும்போதே தூவிக் குலுக்க வேண்டும். ஆறிய சீவலில் தூள் ஒட்டாது. பாத்திரத்தின் அடியில்தான் தங்கும். அரைக் கிலோ கிழங்குக்கு, அதாவது 125 கிராம் சீவலுக்கு, அரைத் தேக்கரண்டி பொடியுப்பும், முக்கால் தேக்கரண்டி மிளகாய்த்தூளும், ஒரு சிட்டிகை பெருங்காயத்தூளும் போதும். மிளகாய்த்தூளையும் பெருங்காயத்தையும் வெறும் வாணலியில் இலேசாகச் சூடுகாட்டிக்கொண்டால் பச்சை வாடை இராது. அதே எண்ணெயில் பொரித்த கறிவேப்பிலையை நொறுக்கிச் சேர்ப்பதும், மிளகாய்க்கு மாற்றாக மிளகுத்தூள் தூவுவதும் உண்டு. புளிப்பு வேண்டுவோர் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சீவல் நமத்துவிடும். உலர்ந்த மாங்காய்த்தூளே ஏற்றது.

நேந்திரங்காய்ச் சீவல் செய்வோர் கொதிக்கும் எண்ணெயிலேயே ஒரு கரண்டி உப்புநீரை விடுவர். நீர் ஆவியாகி, உப்பு சீவலில் சீராகப் படியும். பழகாதவர்கள் இதனை முயல வேண்டாம்.

அக்ரிலமைடு

2002 ஏப்ரலில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், 120 பாகைக்கு மேல் பொரித்த அல்லது சுட்ட மாவுப்பொருள் உணவுகளில் அக்ரிலமைடு உருவாவதை அறிவித்தனர். கிழங்கிலுள்ள அசுபரசின் என்ற அமினோ அமிலமும் ஒடுக்கும் சர்க்கரைகளும் சேர்ந்தே இது உண்டாகிறது. விலங்குகளில் இது புற்றுநோய் உண்டாக்குவது அறியப்பட்டுள்ளது. உணவு வழியாக மனிதருக்கு ஏற்படும் பாதிப்பு பற்றிய ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இயற்றிய விதிகளில் சீவலுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம் என்ற அளவுக்குறி வைக்கப்பட்டுள்ளது. சுவைக்காகக் கூறப்பட்டவை இங்கும் பொருந்தும்: குளிரில் வைக்காத கிழங்கு, அலசுதல், பொன்னிறத்திலேயே எடுத்தல். பழுப்பேறிய சீவல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவிடுவது நல்லது.

சேமித்தல்

முழுவதும் ஆறிய பின்பே காற்றுப்புகாத தூக்கிலோ டப்பாவிலோ அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீர்த்து நமத்துப்போகும். நமத்த சீவலை வெறும் வாணலியில் சிறு தீயில் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். சிக்கு வாடை வந்துவிட்டால் திரும்பாது. அது எண்ணெய் கெட்டதன் அடையாளம். பொரித்து மீந்த எண்ணெயை வடிகட்டி, இரண்டொரு நாட்களில் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்க்கலாம். நிறம் கறுத்து, கெட்டியாகி, சூடானதும் விரைவில் புகையும் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். உணவு வணிகர்களுக்கு, எண்ணெயில் சிதைவால் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2018 சூலை முதல் நடைமுறையில் உள்ளது.