சிம்ஸின் வடிகுழாய்

பிள்ளைப்பேறு பல நாள் நீடிக்கும்போது, குழந்தையின் தலை அழுத்தி இரத்த ஓட்டம் தடைப்பட்ட திசு அழுகி விழுவதால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே உண்டாகும் துளை ஃபிஸ்டுலா எனப்படும். அதன் வழியே சிறுநீர் ஓயாமல் கசியும். அத்துளையைத் தைத்து மூடுவதில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் வெற்றிகண்ட ஜே. மாரியன் சிம்ஸின் பெயரோடு வெள்ளிக் கம்பித் தையலையே வரலாற்று நூல்கள் பெரிதும் இணைத்துப் பேசுகின்றன. ஆனால், சிறுநீர் தேங்கிப் பை விரிந்தால் எந்தத் தையலும் பிரிந்துவிடும் என்பதால், பையை வெறுமையாக வைத்திருந்த வடிகுழாய்க்கும் அவ்வெற்றியில் சரிபாதிப் பங்கு உண்டு.

1845இல் லூசி என்ற அடிமைப் பெண்ணுக்கு, மயக்க மருந்தே இல்லாத நிலையில் அறுவை செய்த சிம்ஸ், குழாய்க்குப் பதிலாகப் பட்டு நூல் கட்டிய சிறு கடற்பஞ்சு ஒன்றைச் சிறுநீர்ப்பைக்குள் வைத்தார். பஞ்சு உறிஞ்சும் சிறுநீர் நூல் வழியே வெளியே வடியும் என்பது அவர் கணக்கு. சில நாட்களிலேயே பஞ்சின் மேல் உப்புப் படிந்து அது கல்லாய் இறுகிப் பையின் சுவரோடு ஒட்டிக்கொள்ள, கடுங்காய்ச்சலில் உயிருக்குப் போராடிய லூசியிடமிருந்து அதை வலிந்து இழுத்தே எடுக்க வேண்டியிருந்தது. அவர் தேற நெடுநாள் ஆயிற்று. அதன் பிறகே, பிடித்துக்கொள்ளாமலேயே உள்ளே தங்கி நிற்கும் வளைந்த வடிகுழாயை சிம்ஸ் வடிவமைத்தார். உப்பு படியாமல் அதைக் கழற்றிக் கழுவுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. 1849இல் அனார்கா என்ற பெண்ணுக்குச் செய்த முப்பதாவது அறுவையில்தான் துளை முழுதாக மூடியது. அறுவைக்கு உள்ளான அடிமைப் பெண்களில் லூசி, அனார்கா, பெட்சி என மூவரின் பெயரை மட்டுமே சிம்ஸின் தன்வரலாறு குறிக்கிறது. அப்பெண்களுக்கு மருத்துவம் பட்டிருக்கும் கடனை மறுப்பதற்கில்லை.

1930களில் பிரெடரிக் ஃபோலி உருவாக்கிய, நுனியில் ஊதப்படும் பலூனால் உள்ளேயே நிலைகொள்ளும் ரப்பர் குழாய் மற்றவற்றைப் பின்தள்ளியது. ஆயினும் அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது, அதிக நாள் இருந்தால் கிருமித்தொற்று வரும் என்று தெரிந்திருந்தும், அந்தந்த மருத்துவரின் பழக்கத்தையே சார்ந்திருந்தது. ஆப்பிரிக்காவின் 8 நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, எளிய ஃபிஸ்டுலா அறுவைக்குப் பின் 7 நாள் வைப்பது 14 நாள் வைப்பதைவிடப் பலனில் குறைந்ததன்று எனக் காட்டியது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் 7 முதல் 10 நாள் வரை போதும் எனப் பரிந்துரைத்தது.