கடாரத்து மலையும் பால்மரக் காடும்

பல நாள் கடலில் மிதந்து வந்த மாலுமிக்குத் தொடுவானத்தில் நீலநிறமாய் எழும் ஒரு மலைமுகடு தரும் மகிழ்ச்சியைச் சொல்லில் அடக்குதல் அரிது. வங்கக் கடலைக் கடந்து வந்த நம் முன்னோர்க்கு அம்மகிழ்ச்சியை அளித்தது கெடாவின் குனோங் ஜெராய் ஆகும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுடைய அம்மலை, கடற்கரைச் சமவெளியில் தனித்து நிற்பதால் நெடுந்தொலைவிலேயே கண்ணுக்குப் புலனாகும். பட்டினப்பாலை கூறும் காழகத்திற்குக் கடாரம் என உரை கண்டார் நச்சினார்க்கினியர். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை நாடி வந்த கடாரம் இக்கெடாவே என்பது அறிஞர் பலரின் கொள்கை. மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில், புக்கிட் பத்து பகாட் என்னுமிடத்திலுள்ள பழங்கோயில் சலசலத்தோடும் சிற்றாற்றின் கரையிலேயே எழுப்பப்பட்டுள்ளது. இயற்கையின் மடியில் மனம் அமைதியுறும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர் போலும்.

நூற்றாண்டுகள் பல கழிந்தபின் அதே மலையின் நிழலுக்குத் தமிழர் மீண்டும் வந்தனர். இம்முறை வணிகராய் அன்று, கூலிகளாய். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமிடமிருந்து ஆங்கிலேயர் மேலாண்மைக்கு மாறியது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணியின் அதட்டலைக் கேட்டு, நிரைக்குச் செல்வதே அவர்தம் நாளின் தொடக்கம். வெயில் ஏறினால் மரத்தில் பால் வற்றும். ஆகவே இருள் பிரியுமுன்னரே கத்தி மரத்தைத் தொட்டாக வேண்டும்.

எனினும், அவ்விருளினூடே தான் விடியலும் வந்தது. மங்கில் முதற்சொட்டுப் பால் விழும் ஓசை, மரங்களினிடையே கசியும் செவ்வொளி, மூடுபனி விலகத் தலைகாட்டும் ஜெராய் முகடு ஆகியவை ஒரு நொடியேனும் குனிந்த தலையை நிமிரச் செய்தன. தை, மாசித் திங்களின் வறட்சியில் பால்மரம் இலையுதிர்க்கும். அதற்குமுன் காடு முழுதும் செம்மையும் பொன்மையுமாய் ஒளிரும்; பின்னர்ச் செம்புநிறத் தளிர் அரும்பும். பால் குறைந்து கூலியும் குறையும் காலம் அதுவே. வயிறு சுருங்கிய நாளில் கண்ணுக்கு விருந்து வைத்தது காடு! காய் முற்றியதும் பட்டென வெடித்து விதைகளைத் தொலைவில் சிதறும். அவ்வொலி கேட்டு ஓடிய சிறார்க்கு அவ்விதைகளே விளையாட்டுப் பொருள்கள்.

இவ்வழகு கூலிக்கு ஈடாகுமோ எனின், ஆகாது. துயர் மறக்கத் தோட்டம் திறந்துவைத்த வழி கள்ளுக்கடை. அது கூலியைத் தின்றது, குடும்பத்தைக் குலைத்தது. 1946-47ஆம் ஆண்டுகளில் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டம் அவ்வெழுச்சியின் முதன்மைக் களமாய் விளங்கியது. கள் தந்த மகிழ்ச்சி மறுநாள் மனிதனை மேலும் குனியவைத்தது. விடியலும் தளிரும் தந்த மகிழ்ச்சியோ கடன் வைக்கவில்லை, அறிவை மயக்கவுமில்லை. உரிமை கேட்டு நிமிர்வதற்கு மனத்தில் சிறிதேனும் தெம்பு எஞ்சியிருத்தல் வேண்டும். அத்தெம்பைக் காத்தவற்றுள் இச்சிறு பொழுதுகளுக்கும் பங்குண்டு என்று கருதுவது மிகையாகாது.

இன்று பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் காணப்படுகின்றன. லயங்களில் வாழ்ந்தோரின் பேரர் பலர் நகரங்களில் குடியேறிவிட்டனர். கூலியும் போராட்டமும் ஏடுகளில் பதிவாகியுள்ளன. செந்நிற இலைகளும் விதை வெடிக்கும் ஓசையும் முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. ஆசிரியர்கள் தம் மாணவரை அம்முதியோரிடம் அனுப்பி, "எதைக் கண்டு மகிழ்ந்தீர்கள்?" என்று வினவச் செய்வாராக. பட்ட துன்பத்தை மட்டும் எழுதினால் நம் வரலாறு பாதியே ஆகும்; அத்துன்பத்தினிடையே மனிதராய் வாழ்ந்ததையும் எழுதும்போதே அது நிறைவுறும்.