அபினும் அரசும்: சீன வரலாறு தரும் படிப்பினை

போதைப்பொருள் ஒரு சமுதாயத்திற் பரவும்போது அதற்குக் காரணம் யாதென்னும் வினா எழுவது இயல்பு. உண்போனது மனத்திண்மையின்மையே காரணமென்பர் சிலர். விற்போனது பேராசையே காரணமென்பர் வேறு சிலர். அவ்விற்பனையால் வரும் வருவாயை நம்பி நிற்கும் அரசும் ஒரு காரணமாகலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மூன்றும் ஒருங்கே தொழிற்பட்டமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தின் வரலாற்றிற் காணலாம்.

அபின் சீனர்க்கு நெடுங்காலம் மருந்தாகவே பயன்பட்டு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அதனைப் புகையிலையுடன் கலந்து புகைக்கும் வழக்கம் தோன்றிய பின்னரே அது பெருந் தீமையாயிற்று. 1729 ஆம் ஆண்டில் யுங் செங் பேரரசர் அபின் விற்பனையையும் புகைக்கும் விடுதிகளையும் தடை செய்தார். அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு இறக்குமதியானவை ஏறத்தாழ 200 பெட்டிகளே. 1838 இலோ அத்தொகை 40,000 பெட்டிகளை அண்மித்தது. பெட்டி ஒவ்வொன்றும் நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட அபினைக் கொண்டது.

இவ்வளர்ச்சிக்கு வித்திட்டது தேயிலை என்றால் வியப்புத் தோன்றலாம். ஆங்கிலர் சீனத் தேயிலையைப் பெருவிருப்புடன் வாங்கினர். சீனரோ ஆங்கிலப் பண்டங்களை அத்துணை விரும்பினாரல்லர். எனவே தேயிலையின் விலையை வெள்ளியாகவே செலுத்த வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்க அபின் துணையாயிற்று. 1773 இல் வங்காளத்தின் அபின் வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிய கிழக்கிந்தியக் கும்பனி, பாட்னா, காசி ஆகிய பகுதிகளில் விளைந்த அபினைக் கல்கத்தாவில் ஏலத்தில் விற்றது. அதனை வாங்கிய தனி வணிகர் சீனக் கரைக்குக் கொண்டு சென்றனர். சீனம் தடைசெய்த பொருளைக் கும்பனியின் கப்பல்கள் ஏற்றிச் செல்லவில்லை. ஆயினும் ஏலப்பணம் கும்பனியின் கருவூலத்தையே சேர்ந்தது. பிற்காலத்தில் இந்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு அபினாற் கிடைத்த ஆண்டுகளும் உண்டு.

சீனத்தில் விளைந்த கேடு புகைப்போரின் உடலழிவோடு நின்றுவிடவில்லை. கரையோர அதிகாரிகள் கையூட்டுப் பெற்றுக் கள்ளக் கடத்தலுக்கு உடந்தையாயினர். போர்வீரரும் அப்பழக்கத்திற்கு ஆளாயினர். வெள்ளி நாட்டை விட்டு வெளியேறியதால் அதன் விலை உயர்ந்தது. உழவர் தம் விளைபொருளைச் செப்புக் காசுக்கு விற்று, வரியை வெள்ளியின் மதிப்பிற் செலுத்த வேண்டியிருந்தமையின், வரிவிகிதம் மாறாதிருந்தும் அவர்தம் சுமை பெருகிற்று. அபினைக் கண்ணாலும் கண்டறியாத குடியானவனும் அதன் விலையைச் செலுத்தினான் என்க.

இந்நிலையில் அரசவையில் இருவேறு கருத்துக்கள் எழுந்தன. அபினைச் சட்டபூர்வமாக்கி வரி விதித்தலே தக்கதென 1836 இற் சூ நாய்ச்சி என்பார் விண்ணப்பித்தார். ஓராண்டுத் தவணையுள் பழக்கத்தைக் கைவிடாதார்க்கு மரண தண்டனை விதித்தல் வேண்டுமென 1838 இல் ஹுவாங் சுவேசி வற்புறுத்தினார். பேரரசர் கடுமையின் பக்கமே சாய்ந்து, நேர்மைக்குப் பெயர்பெற்ற லின் சே சூ என்பாரைக் கன்ரனுக்கு அனுப்பினார்.

1839 மார்ச்சில் ஆங்கு வந்த லின், அந்நிய வணிகரின் பண்டசாலைகளை முற்றுகையிட்டு 20,000 இற்கு மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றினார். அவ்வாண்டு யூன் 3 ஆந் திகதி தொடங்கி மூன்று வாரங்களுக்கு மேலாக, ஹுமென் என்னுமிடத்தில் அவ்வபினை நீர்த்தொட்டிகளிலிட்டு, உப்பும் சுண்ணாம்பும் கலந்து அழித்துக் கடலிற் பாய்ச்சினர். கடலை மாசுபடுத்துவதற்காகக் கடற்றெய்வத்திடம் லின் பிழைபொறுக்க வேண்டினார் என்பது அவரது உள்ளத்தைக் காட்டும். விக்ரோறியா மகாராணிக்கும் அவர் ஒரு கடிதம் வரைந்தார். ஆங்கில நாட்டில் அபின் தடைசெய்யப்பட்டதென அவர் கருதியது தவறு. ஆங்கே அது தாராளமாக விற்கப்பட்டது. ஆனால் அயலார்க்குத் தீங்கு செய்து பொருளீட்டல் அறமாகுமோ என்ற அவரது வினா தவறன்று.

அவ்வினாவுக்குப் போர்க்கப்பல்களே விடை பகர்ந்தன. 1840 ஏப்பிரலில் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் இளைஞரான கிளாட்ஸ்ரன் போரைக் கண்டித்துப் பேசியும், அரசாங்கம் ஒன்பது வாக்குகளாற் பிழைத்தது. தோல்வியுற்ற சீனம் 1842 இல் நான்கிங் உடன்படிக்கைப்படி ஹொங்கொங்கை இழந்தது; ஐந்து துறைமுகங்களைத் திறந்தது; 2 கோடியே 10 இலட்சம் டொலர் இழப்பீடும் இறுக்க இசைந்தது. லின் பதவியிழந்து மேற்கெல்லைக்கு நாடு கடத்தப்பட்டார். இரண்டாம் போரின் நடுவே, 1858 இல், அபின் இறக்குமதி சட்டபூர்வமாயிற்று.

அதன்பின் நிகழ்ந்ததே ஆழ்ந்து நோக்கற்பாலது. இறக்குமதியோடு போட்டியிட்டு யுன்னான், செச்சுவான் முதலிய மாகாணங்களிற் கசகசாப் பயிர் பெருகியது. நூற்றாண்டின் இறுதியில் உள்நாட்டு விளைவு இறக்குமதியைப் பன்மடங்கு விஞ்சிற்று. மாகாண அரசுகளும் அபின் வரியின் சுவை கண்டன. அந்நியனைப் பழித்த நாவே அவ்வரியை உண்டது.

பயனளித்த முயற்சி 1906 இற் றொடங்கியது. பத்தாண்டில் அபினை ஒழிக்க ஆணை பிறந்தது, விடுதிகள் மூடப்பட்டன, புகைப்போர் பதிவு செய்யப்பட்டனர், முதியோர்க்குச் சலுகை காட்டப்பட்டது. 1907 இன் இணக்கப்படி, சீனம் பயிரைக் குறைப்பின் இந்தியாவும் ஏற்றுமதியை ஆண்டுதோறும் பத்திலொரு பங்கு குறைக்க முன்வந்தது. 1909 இற் சாங்காயிலும் 1912 இல் ஹேக்கிலும் நாடுகள் கூடிப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்கு அடிகோலின. ஆயினும் மஞ்சு ஆட்சி வீழ்ந்தபின் போர்த்தலைவர்கள் படைச்செலவுக்காக அபினை மீண்டும் வளர்த்தனர். 1949 இன் பின்னர் தோன்றிய வலிய அரசே, கடுமையான முறைகளாலும் மக்களியக்கத்தாலும், சில ஆண்டுகளில் அதனை ஒடுக்கிற்று.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? தண்டனை மாத்திரம் நோயைத் தீர்க்கவில்லை. வரிவிதிப்போ நோயை அரசின் பங்காளியாக்கிற்று. விளைவு, வணிகம், நுகர்வு ஆகிய மூன்றையும் ஒருங்கே கட்டுப்படுத்திய காலத்திலேயே பயன் கிட்டியது. இன்று ஹெரோயினும் 'ஐஸ்' என்னும் செயற்கைப் போதைப்பொருளும் ஈழநாட்டு இளைஞரையும் பற்றி வருகின்றன. பிடிபட்ட மாணவனைப் பழிப்பது எளிது. அவனைக் குணப்படுத்துவதோடு, அவனது அழிவால் வாழ்வோர் யாவரென வினவுதலும் கற்றோர் கடனாகும். லின் சே சூ தோற்றார். அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை.