யாழ்ப்பாணத்து வயலினும் பெரட்டுத் தப்பும்

ஜாஸும் கர்நாடக சங்கீதமும் ஒரே மேடையில் சேர்ந்த கதையை யாரிடம் கேட்டாலும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். மேற்கிலிருந்து ஜான் மெக்லாஃப்லின் கிற்றாரோடு வந்தார், கிழக்கு கை கொடுத்தது, ‘ஃபியூஷன்’ பிறந்தது. நாங்களும் ரொம்ப நாளாக அப்படியே நம்பியிருந்தோம். அந்தக் கதைக்குள்ளே இலங்கை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் முதலில் இருந்து கேட்க ஆரம்பித்தோம்.

வி. லட்சுமிநாராயணா என்ற வயலின் வித்துவான் யாழ்ப்பாணத்தில் இசை கற்றுக்கொடுத்தவர். அவருடைய பிள்ளைகள் எல். சுப்ரமணியமும் எல். சங்கரும் பிறந்தது சென்னையில், வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். 1958 கலவரம் வந்தது. குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போனது. மூத்த மகன் எல். வைத்தியநாதன் பிறகு ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்தவர். எங்கள் வீடுகளில் அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கும் இந்த யாழ்ப்பாணக் கதை தெரியாது!

சங்கர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மெக்லாஃப்லினும் அங்கேதான் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். இருவரும் ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம், ராம்நாட் ராகவன் ஆகியோருடன் சேர்ந்ததுதான் ‘சக்தி’. 1975 ஜூலை 5ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் வாசித்த கச்சேரிதான் அவர்களுடைய முதல் ஆல்பம். தம்பி அப்படி என்றால், அண்ணன் சுப்ரமணியம் பிரெஞ்சு ஜாஸ் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து ஆல்பம் செய்தார். அப்பா இறந்தபின், அவர் பெயரில் 1992இல் லட்சுமிநாராயணா உலக இசை விழாவைத் தொடங்கினார். கர்நாடக வித்துவான்களும் ஜாஸ்காரர்களும் ஒன்றாக உட்காரும் நகரத்து விழா அது. அதன் பெயரில் இருப்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிப்போக வேண்டிவந்த ஒரு வாத்தியார்.

இந்தச் சேர்க்கை லேசான வேலை இல்லை. ஜாஸில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே போகும். ராகத்துக்கு அது ஆகாது, அடியில் சுருதி அசையாமல் நிற்க வேண்டும். சக்தி இதை எப்படிச் சமாளித்தது? டிரம் செட் இல்லை, கீபோர்ட் இல்லை. மெக்லாஃப்லினுக்காகக் கிப்சன் கம்பெனி தனியாக ஒரு கிற்றார் செய்தது. குறுக்கே ஏழு சுருதிக் கம்பிகள் ஓடும், கமகம் பிடிக்க வசதியாக விரல்பலகையைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். கிற்றார்தான் வீணைப் பக்கம் நகர்ந்தது, வீணை கிற்றார் பக்கம் போகவில்லை. ஆனால் ஓர் இடத்தில் இரண்டு பக்கமும் வளையத் தேவையே இருக்கவில்லை. ஜாஸ்காரர்கள் நாலு நாலு அளவையாக மாறி மாறிப் பதில் சொல்வார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிக்கும்போது செய்வதும் அதுதான்.

கடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மண்பானை. கச்சேரியில் உபபக்கவாத்தியம், பின்னால் உட்காரும் ஆள். விநாயக்ராம் அதை உலக மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். 1991இல் வந்த ‘பிளானெட் டிரம்’ ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தபோது அதில் அவருக்கும் பங்கு இருந்தது. ஒரு பானைக்கு இவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது.

அப்போ தப்புக்கு?

மலையகத்து ஆட்களான எங்களுக்கு இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. ஜாஸின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. கரும்பு, பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட ஆபிரிக்கர்களின் வேர் அது. ஒரு கிளர்ச்சிக்குப் பிறகு, 1740இல் தென் கரோலினா சட்டம் போட்டு அவர்கள் மேளத்தைத் தடை செய்தது. நியூ ஓர்லீன்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் கொங்கோ சதுக்கத்தில் கூடி அடித்து ஆடினார்கள். 1817இல் நகரசபை அந்த ஒரு நாளுக்கும் ஓரிடத்துக்கும் அவர்களை மட்டுப்படுத்தியது. அந்த ஊரில்தான் பின்னால் ஜாஸ் வந்தது.

இங்கே தோட்டத்தில் மேளத்தைத் தடுக்கவில்லை, வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலை இருட்டில் லயத்து ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்டது தப்பு. அதே தப்புத்தான் சாவு வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அடிக்கிறது. அதற்கு ஒவ்வொரு சடங்குக்கும் தனித்தனி அடி உண்டு. காது பழகியவர்கள் தூரத்தில் கேட்டே என்ன விசேஷம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அடிப்பவரைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்தியதும் இதே தோட்டம்தான். துரை மட்டுமில்லை, நாங்களும் நிறுத்தியிருக்கிறோம்.

ஆக, ஜாஸ் எங்கள் பக்கம் வந்தபோது சபாவின் கதவைத்தான் தட்டியது. தோட்டத்து மேளத்தின் பேரப்பிள்ளை, இன்னொரு தோட்டத்து மேளத்தைத் தாண்டிப் போய் மிருதங்கத்தோடு உட்கார்ந்தது. இதில் மெக்லாஃப்லின் மீதோ சங்கர் மீதோ எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த சங்கீதத்தைத்தான் வாசித்தார்கள். ‘கிளாசிக்கல்’ என்ற பெயரை யாருக்குக் கொடுப்பது என்று அவர்களுக்கு ரொம்ப முன்னாலேயே முடிவாகிவிட்டது.

லட்சுமிநாராயணா குடும்பம் போய் ஆறு வருஷத்தில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டார்கள். ஹற்றன் ஸ்டேஷனில் அழுதுகொண்டே கோச்சி ஏறியவர்களோடு எத்தனை தப்பு போயிருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. போகாதவர்களின் தப்பு இங்கே இருக்கிறது. மாசியில் காமன் கூத்து தொடங்கும்போது, பனியில் தொய்ந்த தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒருவர் இரண்டு தட்டுத் தட்டுவார். பக்கத்தில் நிற்பவர் தன் தப்பில் அதற்குப் பதில் தட்டுவார்.