கொழும்பு மாநகரும் எலி ஒழிப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் அரசரும் போரும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வருவன. அடுக்களையில் அரிசிப் பானையைச் சுற்றி நாளும் நடைபெறும் போராட்டம் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது அரிது. எனினும் கொழும்பு மாநகரின் கடந்த நூற்றாண்டு வரலாற்றில் எலி பெற்ற இடம் சிறிதன்று. எலி காரணமாக மக்கள் மாண்டனர், களஞ்சியங்கள் எழுந்தன, உலக மருத்துவ அறிவுக்குக் கொழும்பு ஒரு புதிய உண்மையை வழங்கியது. எலியை ஒழிப்பது வீட்டுக்காரரின் தனிப்பொறுப்பா, நகரத்தின் பொதுப்பொறுப்பா என்ற வினா 1914ஆம் ஆண்டில் இந்நகரில் உயிர்ப்பிரச்சினையாகவே எழுந்தது. அவ்வினாவையும் அதற்குக் கிடைத்த விடையையும் ஆராய்ந்து, அவ்விடையின் ஒளியில் இன்றைய வீட்டு மருந்துகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1869ஆம் ஆண்டு சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், 1875ஆம் ஆண்டு தொடங்கிய அலைதடுப்புச் சுவர் வேலை பத்தாண்டுகளில் நிறைவெய்தியதும் கொழும்பை இந்து சமுத்திரத்தின் முக்கிய துறைமுகமாக்கின. ஏற்றுமதிப் பயிர்களுக்கே நிலமும் உழைப்பும் ஒதுக்கப்பட்ட நாட்டில், உண்ணும் அரிசி கடல் கடந்தே வரவேண்டியதாயிற்று. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசி மூட்டைகள் புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவை அண்டிய பகுதிகளிலும் அடுக்கப்பட்டன. அம்மூட்டைகளைச் சுமந்த தொழிலாளர் கொட்டாஞ்சேனை முதலிய அயற்பகுதிகளின் முடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். துறைமுகம், பண்டகசாலை, குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டுநின்ற இவ்வமைப்பு வணிகருக்கு வசதியாயிருந்தது. எலிக்கும் அவ்வாறேயிருந்தது.

இக்காலத்தில் ஆசியத் துறைமுகங்களைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கத் தொடங்கியது. 1894ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் யேர்சின் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் நோய் பம்பாயை அடைந்தது. 1898இல் கராச்சியில் ஆய்வு செய்த சைமன்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயை எலியிலிருந்து மனிதருக்குக் கொண்டுசெல்வது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே என நிறுவ முயன்றார். அன்றைய அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளின் பின் பம்பாயில் இயங்கிய பிளேக் ஆய்வுக்குழு அதனைச் சோதித்துப் பார்த்தது. பிளேக் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகள் கூடுகளில் வைக்கப்பட்டன. தரையை ஒட்டிய கூட்டிலிருந்தவை நோயுற்றன. தெள்ளு தாவ இயலாத உயரத்தில் தொங்கவிடப்பட்ட கூட்டிலிருந்தவை தப்பின. வீடும் ஒன்றே, காற்றும் ஒன்றே. வேறுபட்டது உயரம் மட்டுமே. நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்ற நெடுநாள் நம்பிக்கை இவ்வெளிய ஒப்பீட்டினால் ஆட்டங்கண்டது.

இலங்கை அரசாங்கம் நோய் வருமுன்னரே 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடுப்புக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. பம்பாய் பாதிக்கப்பட்டுப் பதினேழு ஆண்டுகள் கடந்தும் கொழும்பு தப்பியேயிருந்தது. 1905இல் இரங்கூனும் நோய்வாய்ப்பட்டது. அங்கிருந்து அரிசி வந்துகொண்டேயிருந்தது. இறுதியில் 1914ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பிலும் பிளேக் தோன்றியது.

இவ்விடத்து இரு வினாக்கள் எழுகின்றன. இத்தனை காலம் நகர் தப்பியது எதனால்? வந்தபின் நோய் நகரெங்கும் பரவாது துறைமுகத்தையும் புறக்கோட்டைப் பண்டகசாலைகளையும் சூழ்ந்த பகுதியையே பெரிதும் பற்றி நின்றது எதனால்? அக்காலத்தில் எளிதாகக் கூறத்தக்க விடை ஒன்றிருந்தது. ஏழைகளின் அசுத்தமும் தென்னிந்தியாவிலிருந்து வரும் கூலிகளுமே காரணம் என்பதே அவ்விடை. தோட்டத் தொழிலாளர் மண்டபம் போன்ற முகாம்களில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே இலங்கைக்குள் அனுமதிக்கப்பட்டனர். மனிதரைத் தடுத்துவைப்பது இயலும். நகரின் அன்றாட உணவாகிய அரிசி மூட்டையை அவ்வாறு பல நாள் தடுத்துவைப்பது எளிதன்று. சந்தேகம் மனிதர்மீதே விழுந்ததில் வியப்பில்லை.

இவ்வினாக்களுக்குச் சான்றுகளோடு விடை தேடியவர் கொழும்பு நகர நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய எல். எப். ஹேர்ஸ்ட் ஆவார். கொழும்பு எலிகளில் காணப்பட்ட தெள்ளுகள் நகரின் வெப்பத்தில் மனிதரைக் கடிக்க அவ்வளவாக நாடாமையை அவர் நோய் வருமுன்னரே அவதானித்திருந்தார். அவற்றை இனம் பிரித்தறிந்தபோது, பம்பாய் முதலிய இடங்களில் நோயைப் பரப்பிய ‘சியோப்பிஸ்’ இனத்தைச் சேர்ந்தவை அவையல்ல, அதனை ஒத்த ‘அஸ்தியா’ என்னும் வேறினம் என்பது புலனாயிற்று. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் பிளேக்கைக் கடத்தும் ஆற்றலில் அஸ்தியா மிகவும் குறைந்தது. கொழும்பின் பெரும்பகுதியில் அஸ்தியாவே மிகுந்திருந்தது. தானியக் களஞ்சியப் பகுதியிலோ சியோப்பிஸ் குடியேறியிருந்தது. நோயின் எல்லையும் ஏறத்தாழ அதுவேயாகும்.

சியோப்பிஸ் எவ்வாறு வந்தது? அதன் குடம்பிகள் தானியத் தூசியில் நன்கு வளர்வன. தானியத்தோடும் சாக்கோடும் எலியின் துணையின்றியே கூட அது கடல் கடக்க வல்லது. எனவே நோயைக் கொணர்ந்த பாதை மனிதர் நடந்து வந்த பாதையன்று, வணிகம் நடந்த பாதையே என்பது தெளிவாயிற்று. பம்பாயில் பேரழிவை ஏற்படுத்திய நோய் சென்னை நகரில் அவ்வாறு வேரூன்றாமைக்கும் இக்கொள்கை விளக்கம் தந்தது. அங்கும் அஸ்தியாவே மிகுதி. ஹேர்ஸ்ட் 1920களில் இலங்கையின் தெள்ளுகளை விரிவாகக் கணக்கெடுத்தார். தம் வாழ்நாள் ஆய்வைத் திரட்டி அவர் எழுதிய பெருநூல் 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. கொழும்பின் எலிகளை எண்ணியதால் பிறந்த அறிவு ஆசியத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் பயன்பட்டது.

இவ்வறிவு எலி ஒழிப்பு முறைகளையே மறுபரிசீலனை செய்ய வைத்தது. எலி இறந்தவுடன் அதன் உடல் குளிர்கின்றது. தெள்ளுகள் அதைவிட்டு வேறு உடலை நாடுகின்றன. ஆகவே பிளேக் காலத்தில் வீட்டினுள் நஞ்சு வைத்து எலிகளைக் கொல்வது, தெள்ளுகளை வீட்டுக்காரர்மீது ஏவிவிடுவதற்கு ஒப்பாகும். அக்காலத்துக் குடும்பங்கள் நன்கறிந்திருந்த எலிப்பாஷாணம் நோயைத் தணிப்பதற்குப் பதிலாக வளர்க்கவும் கூடும் என்பது கசப்பான உண்மையாகும்.

கொல்லுதலே குறிக்கோளாகும்போது விளையும் கேடுகளுக்குப் பிற நாடுகளின் வரலாறும் சான்று பகர்கின்றது. ‘எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல’ என்பது தமிழ்ப் பழமொழி. ஹொனலூலு நகரில் அது சொல்லுக்குச் சொல் நிகழ்ந்தது. 1900ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி பிளேக் கண்ட வீடுகளை அதிகாரிகள் எரித்தபோது தீ கட்டுக்கடங்காது பரவிச் சீனர் குடியிருப்பையே அழித்தது; ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். 1902இல் ஹனோயில் பிரெஞ்சு ஆட்சியாளர் எலிவால் ஒவ்வொன்றுக்கும் பணம் தருவதாக அறிவித்தனர். வால்கள் குவிந்தன, எலிகள் குறையவில்லை. வாலை அறுத்து எலியை ஓடவிட்டோரும் பணத்துக்காக எலி வளர்த்தோரும் இருந்தனர். கொணரப்பட்ட வால்களின் தொகை நகரில் எஞ்சிய எலிகளின் தொகையைக் காட்டாது என்பதை ஆட்சியாளர் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர்.

மற்றொரு வழியும் இருந்தது. எலிக்கு உணவையும் உறைவிடத்தையும் மறுத்தலே அது. முன்னோர் இதனை அறியாதவரல்லர். சிங்களக் கிராமங்களில் நெல் சேமிக்கும் ‘பிஸ்ஸ’ கற்றூண்கள்மீது தரையினின்றும் உயர்த்தப்பட்டிருந்தது. தமிழர் குதிரின் வாயை மண்ணால் பூசி மூடினர். இந்த அறிவைத்தான் துறைமுக நகரம் மறந்திருந்தது. 1913 முதல் 1915 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் சாமர்ஸின் பெயரைத் தாங்கிப் புறக்கோட்டையில் எழுந்த சாமர்ஸ் களஞ்சியங்கள் இறக்குமதி அரிசியை ஒழுங்காக ஓரிடத்தில் சேமிக்க வழி செய்தன. குடியிருப்பின் நடுவே சிதறிக்கிடந்த மூட்டைகளை ஒதுக்கிவைப்பது, ஆயிரம் பொறிகள் செய்ய இயலாததைச் செய்வதாகும்.

இத்துடன் யாவாவின் அனுபவத்தையும் ஒப்புநோக்குதல் தகும். அங்கும் பிளேக் 1910–11இல் பர்மிய அரிசியுடனேயே நுழைந்தது. மூங்கில் வீடுகளின் உள்ளீடற்ற கழிகளில் எலிகள் கூடுகட்டியதைக் கண்ட ஒல்லாந்த ஆட்சி, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் திருத்தியமைக்கச் செய்தது. திட்டம் பயனுடையதெனினும் அதன் செலவில் பெரும்பங்கு கடனாகக் குடியானவர் தலையிலேயே விழுந்தது. நோய் வணிகத்தின் வழியே வந்தது. அதன் விலையை வீட்டுக்காரரே செலுத்தினர். எலி ஒழிப்பின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும் அநீதி இதுவாகும்.

இனி, வீடுகளில் இன்று கையாளப்படும் பரிகாரங்களை நோக்கலாம். பூனை, பொறி, நஞ்சு, மணம் என அவற்றை நால்வகைப்படுத்தலாம். பூனை வீட்டுச் சுண்டெலியை ஓரளவு அடக்கும். வளர்ந்த பேரெலியிடம் அதன் வீரம் குன்றும். நியூயோர்க் நகரின் கழிவுநிலையம் ஒன்றில் 79 நாட்கள் நடைபெற்று 2018இல் வெளியான ஆய்வில், பூனைகள் இரண்டே எலிகளைக் கொன்றமை பதிவாயிற்று. எலிகள் குறையவில்லை, மறைந்துகொண்டன. பூனை வந்தபின் எலியைக் காணவில்லை என்ற இல்லத்தரசியின் கூற்று பொய்யன்று; ஆனால் காணாமை வேறு, இல்லாமை வேறு. கற்பூரம், புதினா முதலியவற்றின் மணத்துக்கும் இது பொருந்தும். எலி முதலில் ஒதுங்கினாலும் உணவு அங்கேயிருப்பின் மணத்துக்குப் பழகிவிடுகின்றது.

நஞ்சைப் பொறுத்தவரை எலியின் இயல்பே அதற்குக் காவலாகின்றது. எலியால் வாந்தி எடுக்க இயலாது. ஆதலால் புதிய உணவைச் சிறிதளவே சுவைத்துப் பார்க்கும். நோய் கண்டால் அவ்வுணவைப் பின்னர் தீண்டாது. உடனே வேலை செய்யும் பழைய நஞ்சுகள் பெரும்பாலும் தோற்றது இதனாலேயே. பல நாட்கள் கழித்துக் கொல்லும் வாபரின் 1948இல் அமெரிக்காவில் அறிமுகமாகி இத்தடையைக் கடந்தது. சில ஆண்டுகளிலேயே அதனை எதிர்க்கவல்ல எலிகளும் தோன்றின. குழந்தையும் கோழியும் உலாவும் வீட்டில் நஞ்சின் அபாயம் தனியே கூறவேண்டியதன்று. பொறி அவ்வகையில் பாதுகாப்பானது. அகப்பட்டதை எண்ணிப் பார்க்கவும் உதவுவது. சுவரோரமாக வைத்தால், சுவரை ஒட்டியோடும் எலி அகப்படும். எனினும் பால்டிமோர் நகரில் 1940களில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டியவாறு, கொல்லப்பட்ட எலிகளின் இடத்தை எஞ்சியவற்றின் குட்டிகள் விரைவில் நிரப்புகின்றன. சுண்டெலியின் கருக்காலம் மூன்று வாரமே. குப்பையும் பொந்தும் அகற்றப்பட்ட தெருக்களிலேயே தொகை நிலையாகக் குறைந்தது.

ஆகவே, ஒரு பரிகாரம் பயன்பட்டதா என அறிய, அதனைச் செய்த வீட்டைச் செய்யாத வீட்டோடு ஒப்பிடுதல் வேண்டும். முன்னும் பின்னும் எண்ணுதல் வேண்டும். பம்பாய்க் கூடுகளும் கொழும்புத் தெள்ளுகளும் கற்பித்த முறை இதுவே. இம்முறையில் தேறுவன மிக எளியவை: ஆறு மில்லிமீற்றர் இடைவெளியே சுண்டெலி நுழையப் போதுமாதலால் துளைகளை உலோக வலையாலும் சீமெந்தாலும் அடைத்தல், அரிசியைத் தகரத்தில் மூடிவைத்தல், இரவில் எச்சிற் பாத்திரத்தைக் கழுவிவைத்தல்.

ஆயினும் இவற்றுள் வீட்டுக்காரரால் இயன்றவை எவை, இயலாதவை எவை எனப் பிரித்தறிதல் அவசியம். 1938இன் பின்னர் இலங்கையில் பிளேக் பதிவாகவில்லை. எலியோ நீங்கவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் எலிக்காய்ச்சல் 2008ஆம் ஆண்டு நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது. பெரிதும் வயல்களில் உழைப்போரைத் தாக்கும் இந்நோய், வடிகால் நிரம்பி வழியும் நகரையும் விட்டுவைப்பதில்லை. கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலில் நெடுங்காலம் குப்பை மலை நின்றது. பின்னர் மீதொட்டமுல்லையில் வளர்ந்த குப்பை மேடு 2017 ஏப்ரல் 14இல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அத்தகைய மேட்டின் நிழலில் வாழும் தாய் தன் அரிசியை எவ்வளவு கவனமாக மூடிவைத்தாலும் எலி வரவே செய்யும். வெள்ளவத்தையின் அடுக்குமாடியிலும் ஒரு வீட்டார் துளையடைத்துப் பயனில்லை. குழாய்களும் குப்பை போடும் இடமும் எல்லோர்க்கும் பொதுவானவை.

1914ஆம் ஆண்டின் கொழும்பு புகட்டும் பாடம் இதுவேயாகும். நோய் வந்தபோது முதலில் விரல் நீண்டது முடுக்கு வீட்டை நோக்கி; சான்று சுட்டியதோ பண்டகசாலையை. எலியை வீட்டிலிருந்து விரட்டுதல் வீட்டாரின் கடமை; எலி பெருகாத நகரை அமைத்தல் நகரை ஆள்வோரின் கடமை. இரண்டாவது நிறைவேறாதவரை முதலாவதில் தோற்றவரைக் குறைகூறுதல் நீதியாகாது.