கேசட் கடைச் சீட்டு

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த காலம். சம்பளம் வந்ததும் பஜார் கேசட் கடையில் பாட்டுகளை எழுதிய சீட்டைக் கொடுப்போம். அறுபது நிமிட கேசட்டில் பதிவுசெய்து தருவார்கள். எங்கள் முதல் பிளேலிஸ்ட் அதுதான்.

2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஸ்வீடன் தொடர் ‘தி பிளேலிஸ்ட்’ அந்தச் சீட்டை ஞாபகப்படுத்தியது. 2006இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை வளர்ந்த கதை, ஆறு எபிசோடில் ஆறு பேரின் பார்வையில். சாஃப்ட்வேர்காரன் என்பதால் கோடரின் எபிசோடை ரசித்தேன். ஆனால் தூங்கவிடாதது கடைசி எபிசோடு. அதில் வரும் கற்பனைப் பாடகியின் பாட்டை ஊரே கேட்கிறது, அவர் கைக்குத்தான் காசு வரவில்லை.

நம்மூரில் இது பழைய வழக்கு. காசு கொடுத்து எழுதவும் இசையமைக்கவும் வைத்த தயாரிப்பாளரே படப்பாட்டுக்கு முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 சட்டத் திருத்தம்தான் தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும் படப்பாட்டின் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு தந்தது. அதை எழுதிக்கொடுத்துவிடவும் முடியாது. ஸ்பாட்டிஃபை இந்தியா வந்தது 2019இல்.

கம்பெனியைத் திட்டுவது சுலபம். எங்கள் சீட்டில் படத்தின் பெயர் இருக்கும், பாட்டெழுதியவர் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. நாங்கள் கொடுத்த காசும் கடையைத் தாண்டிப் போனதில்லை.